பட்ஜெட் கேமிங் கணினி: பணம் எந்தப் பாகத்துக்குப் போக வேண்டும்?

சென்னை ரிச்சி தெருவில் கேமிங் கணினிக்கு விலை கேட்டால் கைக்கு வரும் கொட்டேஷன் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் இருக்கும். முதல் வரியில் பிராசஸர். அடுத்து மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, கேபினெட், எஸ்எம்பிஎஸ். கடைசியில் கிராபிக்ஸ் கார்டு. வாங்குபவரும் அதே வரிசையில்தான் யோசிக்கிறார்: பிராசஸரை நல்லதாகப் போட்டுவிடுவோம், ராம் 32 ஜிபி இருக்கட்டும், கேபினெட்டில் கலர் விளக்கு எரியட்டும், மீதிப் பணத்துக்கு எந்தக் கார்டு வருகிறதோ அதை மாட்டிக்கொள்ளலாம். தாராளமாகப் பணம் இருப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. எண்ணி எண்ணிச் செலவழிப்பவருக்கு இந்த வரிசைதான் முதல் எதிரி. அதை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. மானிட்டரில் தொடங்குங்கள், அந்த மானிட்டருக்கு ஏற்ற கார்டைத் தேர்ந்தெடுங்கள், மற்ற பாகங்களுக்கு, அந்தக் கார்டின் கையைக் கட்டிப்போடாத அளவுக்கு மட்டும் செலவழியுங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். அதை அதற்குரிய இடத்தில் பார்ப்போம்.

கார்டுக்கு ஏன் இந்த முதலிடம் என்று புரிய, திரையில் ஒரு பிரேம் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி. எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எதில் பட்டது, எந்தச் சுவர் கண்ணுக்குத் தெரியும், எது மறைந்திருக்கும் என்றெல்லாம் பிராசஸர் கணக்கிட்டு, இன்னின்னதை வரை என்று கார்டுக்குக் கட்டளை அனுப்புகிறது. கார்டு அதை வாங்கி, 1080பி திரையில் இருக்கும் 20,73,600 புள்ளிகளுக்கும் நிறமும் ஒளியும் நிழலும் போடுகிறது. இந்த இரண்டு வேலைகளும் இணையாக ஓடிக்கொண்டே இருப்பதால், எது மெதுவோ அதுதான் பிரேம் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். ஒரு பிரேமுக்கு பிராசஸருக்கு 9 மில்லிவிநாடியும் கார்டுக்கு 20 மில்லிவிநாடியும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 50 பிரேம் கிடைக்கும். விலை கூடிய பிராசஸரைப் போட்டு 9 என்பதை 5 ஆக்கினாலும் அதே 50 பிரேம்தான். கார்டை மாற்றி 20 என்பதை 12 ஆக்கினால் 83 பிரேம். சைபர்பங்க் 2077 போன்ற, காட்சிகள் கனமான கேம்களில் பட்ஜெட் கணினி ஏறக்குறைய எப்போதும் இந்த நிலையில்தான் இருக்கிறது. பிராசஸர் காத்திருக்கிறது, கார்டு மூச்சுவாங்குகிறது.

மானிட்டரில் தொடங்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். கார்டு போட வேண்டிய புள்ளிகள் எத்தனை என்பதை மானிட்டர்தான் முடிவு செய்கிறது. 1080பியில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் என்றால், 1440பியில் 36.9 லட்சம், 4கே திரையில் 83 லட்சம், அதாவது சரியாக நான்கு மடங்கு. 4கே மானிட்டரை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ற கார்டைத் தேடுபவரின் பட்ஜெட் அந்த நிமிடமே உடைந்துவிடுகிறது. குறைந்த செலவில் நிறைவாக விளையாட நினைப்பவருக்கு 24 அங்குல 1080பி திரை போதும். ஸ்டீம் தளம் மாதந்தோறும் எடுக்கும் கணக்கெடுப்பில் ஆண்டுக்கணக்காக முதலிடத்தில் இருக்கும் ரெசல்யூஷனும் 1080பியே என்பதால், கேம் தயாரிப்பவர்களும் இதை மனதில் வைத்தே வேலை செய்கிறார்கள். புதிதாக வாங்குவதானால் 60 ஹெர்ட்ஸோடு நிற்காமல் 100 அல்லது 144 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் பேனல், அடாப்டிவ் சிங்க் வசதியோடு பாருங்கள். பிரேம் எண்ணிக்கை 60க்கும் 45க்கும் இடையே ஏறி இறங்கும்போது திரை கிழிவதுபோல் தெரியாமல் காப்பது இந்த வசதிதான். பட்ஜெட் கார்டு வைத்திருப்பவருக்குத்தான் இது அதிகம் தேவைப்படும். வாங்கி வந்ததும் விண்டோஸ் செட்டிங்ஸில் ஹெர்ட்ஸ் அளவை மாற்றவும் மறக்கக் கூடாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாதக்கணக்கில் 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டுபவர்கள் நிறையப் பேர். கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டின் பின்புறம் செருக வேண்டும் என்பதும் அப்படியே.

எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று இங்கே ரூபாய்க் கணக்கில் சொல்வதைவிடப் பங்காகச் சொல்வதே நியாயம், ஏனென்றால் இந்தச் சந்தையின் விலை நிலையாக நிற்பதில்லை. 2021இல் கிரிப்டோ மைனிங் மோகத்தால் கார்டுகள் அறிவித்த விலையைப்போல இரண்டு மடங்குக்கு விற்றன. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங்கைக் கைவிட்ட பிறகு அந்தத் தேவை அடங்கியது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவை கூடியதால் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. இன்றைய விலைப்பட்டியலை நூலில் அச்சடித்தால் நூல் கடைக்கு வருவதற்குள் அது பழசாகிவிடும். ஆகவே, மானிட்டரை ஒதுக்கிவிட்டு, பெட்டிக்கான மொத்தத் தொகையில் 35 முதல் 45 சதவீதத்தைக் கார்டுக்கு எடுத்து வையுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தே கணக்கிடுங்கள். வரி இல்லாமல் சொல்லும் விலையை நம்பித் திட்டமிட்டால் கடைசியில் வெட்டு விழுவது கார்டில்தான். விலை ஏற்றத்தால் ஏதாவது ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் ராமிலும் கேபினெட்டிலும் கை வையுங்கள், கார்டைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி கார்டு. வாங்குபவர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பெட்டியின் மேல் இருக்கும் பெயர் முழு உண்மையைச் சொல்வதில்லை. 2022 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 கார்டில் 8 ஜிபி மெமரி, 2560 கோர்கள், 128 பிட் பஸ். 2024இல் அதே 3050 என்ற பெயரில் வந்த 6 ஜிபி கார்டில் கோர்கள் 2304, பஸ் 96 பிட்; மெமரி வேகம் விநாடிக்கு 224 ஜிபியிலிருந்து 168 ஜிபிக்கு இறங்கிவிட்டது. வெறும் 2 ஜிபி குறைந்ததுபோல் தெரிந்தாலும், உள்ளே இருப்பது வேறு கார்டு. இதற்கு முன்னும் இதே கதைதான். 2016இன் ஜிடிஎக்ஸ் 1060 கார்டில் 3 ஜிபி என்றும் 6 ஜிபி என்றும் இரண்டு வகை வந்தன. 3 ஜிபி வகையில் கோர்களும் குறைவு. ஜிடி 1030 இன்னும் மோசம். ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தபோது விநாடிக்கு 48 ஜிபி வேகம். பிறகு டிடிஆர்4 மெமரியோடு வந்ததில் 16.8 ஜிபி. பெயர் அதேதான், வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எனவே கடையில் '3050 இருக்கிறதா' என்று கேட்பது கேள்வியே ஆகாது. எத்தனை ஜிபி, எந்த வகை மெமரி, எத்தனை பிட் பஸ் என்ற மூன்றையும் கேட்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடல் எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும். 6 ஜிபி 3050 தேவையே இல்லாத கார்டு என்றும் சொல்லிவிட முடியாது. அது 70 வாட்டுக்குள் ஓடும், தனி பவர் கேபிள் வேண்டாம். அலுவலகங்களில் கழித்துவிட்ட பழைய பிராண்டட் கணினியில், இடம் இருந்தால், அப்படியே மாட்டலாம். அந்தத் தேவைக்காக வாங்கினால் சரி. 8 ஜிபி கார்டின் விலையில் அதை வாங்கினால் ஏமாற்றம்.

பெயர் சரியாக இருந்தும் கவிழ்க்கும் கார்டுகள் உண்டு. 2022இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அதற்கு நல்ல சான்று. அதில் 4 ஜிபி மெமரி. மதர்போர்டோடு பேசும் பிசிஐஇ பாதையோ நான்கு லேன் மட்டும். டெக்ஸ்சர்கள் 4 ஜிபிக்குள் அடங்காதபோது மிச்சத்தை அந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் ராமிலிருந்து இழுத்தாக வேண்டும். பிசிஐஇ 4.0 போர்டில் ஓரளவு தாங்கும் கார்டு, 3.0 போர்டில் பாதையின் வேகம் பாதியாகிவிடுவதால் தடுமாறுகிறது. விசித்திரம் என்னவென்றால், விலை மலிவான இந்தக் கார்டைத் தேடி வாங்குபவர்களில் பலரிடம் இருப்பது பழைய 3.0 போர்டுதான். வீடியோ பதிவு செய்ய உதவும் என்கோடரும் அதில் இல்லை. யூடியூபுக்காக விளையாட்டைப் பதிவு செய்ய நினைப்பவருக்கு அது உதவாது.

மெமரி அளவில் என் முடிவு இதுதான்: புதிதாக வாங்கும் கார்டில் 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். மெமரி போதாதபோது சராசரி பிரேம் எண்ணிக்கை பெரிதாகக் குறையாமல் இருக்கலாம். ஆனால் வண்டியைத் திருப்பும்போதோ புதிய தெருவுக்குள் நுழையும்போதோ திரை ஒரு கணம் உறைந்து நிற்கும். சில கேம்கள் உறையாமல் டெக்ஸ்சரை மங்கலாக்கி ஒப்பேற்றும். 2021 அக்டோபரில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி மெமரியும் 132 வாட் மின்தேவையுமாக, பட்ஜெட் கணினிக்கு நீண்ட நாளாகவே அளவுகோலாக இருந்து வருகிறது. 2023இன் ஆர்டிஎக்ஸ் 4060 அதைவிட வேகம், மின்தேவை 115 வாட்தான், விலை கூடுதல். 2024 டிசம்பரில் இன்டெல் கொண்டுவந்த ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி இருக்கிறது. ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் அது வேகமிழக்கும், பழைய பிராசஸரோடு சேர்த்தாலும் வேகமிழக்கும். புதிய பிராசஸர் வாங்குபவருக்கே அது பொருந்தும். ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் பட்ஜெட் கார்டுக்கு அலங்காரம்தான் என்று முன்பு சொல்ல முடிந்தது. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும் 2025இன் டூம்: தி டார்க் ஏஜஸும், ரே டிரேசிங் ஹார்டுவேர் இல்லாத கார்டில் ஓடுவதில்லை. நல்ல கார்டு என்று பெயர் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரை இன்று வாங்கத் தயங்க வேண்டிய காரணம் இதுதான்.

எல்லாப் பணத்தையும் கார்டில் போட்டுவிட்டுப் பிராசஸரைக் கோட்டை விட்டால் 'பாட்டில்நெக்' ஆகாதா என்ற கேள்வி இங்கே வரும். நியாயமான கேள்வி. வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் காட்சி எளிமையானது. செட்டிங்ஸைக் குறைத்து 200 பிரேமுக்கு மேல் எதிர்பார்ப்பவர்கள் அவற்றை விளையாடுகிறார்கள். 200 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிவிநாடிதான். அங்கே முதலில் மூச்சு வாங்குவது பிராசஸர். அந்த விளையாட்டுகளை மட்டுமே ஆடுபவர், கார்டின் பங்கைச் சற்றுக் குறைத்துப் பிராசஸருக்குத் தருவது சரியே. ஆனால் அந்தத் தேவைக்கும் ஐ7, ஐ9 வேண்டியதில்லை. 6 கோர், 12 த்ரெட் கொண்ட ரைசன் 5 5600 அல்லது கோர் ஐ5-12400எஃப் போதும். இன்னும் குறைக்க வேண்டுமானால் 4 கோர், 8 த்ரெட் கொண்ட ஐ3-12100எஃப். உங்கள் கணினியில் எது தடுக்கிறது என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம். கேமில் ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்குக் குறைத்துப் பாருங்கள். பிரேம் நன்றாக ஏறினால் தடை கார்டில். ஏறாமல் அப்படியே நின்றால் தடை பிராசஸரில்.

பிராசஸரிலும் பெயர்ப் பொறி உண்டு. ரைசன் 5 5500, 5600 இரண்டும் 6 கோர்தான், விலையிலும் அருகருகே நிற்கும். 5600இல் எல்3 கேஷ் 32 எம்பி, பிசிஐஇ 4.0, 5500இல் 16 எம்பி, 3.0. கேம்களில் கேஷ் பாதியாவது நன்றாகவே தெரியும். இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. தனிக் கார்டு வாங்கப்போகிறவருக்கு அதனால் குறையில்லை, விலைதான் குறையும். இதையெல்லாம்விடக் கவலைக்குரியது 'ஐ7 கேமிங் பிசி' என்று மலிவாக விற்கப்படும் பெட்டிகள். உள்ளே பார்த்தால் 2011இன் ஐ7-2600 அல்லது 2012இன் ஐ7-3770. அதிலும் 4 கோர், 8 த்ரெட்தான், ஐ3-12100எஃப் போலவே. ஆனால் பத்தாண்டு இடைவெளியில் ஒவ்வொரு கோரின் வேகமும் வெகுவாக மாறிவிட்டது, புதிய ஐ3 அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். விண்டோஸ் 11 அந்தப் பழைய சிப்புகளை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. எப்படியோ வளைத்து விண்டோஸ் 11 போட்டாலும், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இல்லாமல் அதில் வேலரன்ட் திறக்காது. பிள்ளைக்கு வேலரன்ட் விளையாட வேண்டும் என்று சேமித்து வைத்த பணத்தில் ஐ7 என்ற எழுத்தைப் பார்த்து வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் வேண்டாம்.

'பின்னால் அப்கிரேடு செய்துகொள்ளலாம், ஆகவே இப்போதே நல்ல மதர்போர்டாகப் போடுவோம்' என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அதில் உண்மை இருக்கிறது. ஏஎம்4 சாக்கெட்டில் 2017இல் முதல் ரைசனை வாங்கியவர்களில் பலர், அதே போர்டில் பயாஸை மட்டும் புதுப்பித்து 2022இன் 5800எக்ஸ்3டி வரை ஏற முடிந்தது. இன்று அந்த நீண்ட ஆயுள் இருப்பது ஏஎம்5 சாக்கெட்டில். ஆனால் அது டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ராம் ஆகியவற்றுக்கான கூடுதல் விலையையும் ஏஎம்4இன் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வித்தியாசத்தில் கார்டில் ஒரு படி மேலே ஏற முடிகிறதென்றால், இன்றே ஏறுங்கள். மூன்று ஆண்டு கழித்து மாட்டப்போகும் பிராசஸருக்காக மூன்று ஆண்டும் மெதுவான கார்டில் விளையாடுவது சரியான கணக்கு இல்லை. கார்டை எந்தப் போர்டுக்கும் பின்னாளில் எடுத்துச் செல்லலாம் என்பதும் அதன் பக்கம் சேரும் வாதம். வித்தியாசம் சிறியதாக இருந்தால் மட்டும் ஏஎம்5. மற்றபடி மதர்போர்டில் பார்க்க வேண்டியவை குறைவு: ராமுக்கு இரண்டு ஸ்லாட்டாவது, எஸ்எஸ்டிக்கு ஒரு எம்.2 ஸ்லாட், நீங்கள் வாங்கும் பிராசஸரை ஏற்கும் பயாஸ் பதிப்பு. பழைய இருப்பில் கிடக்கும் பி450 போர்டில் ரைசன் 5 5600 போட்டால் பயாஸைப் புதுப்பிக்கும்வரை திரையே வராமல் போகலாம். கடையிலேயே ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ராமில் செலவைவிடக் கவனம் முக்கியம். ஒரே 16 ஜிபி ஸ்டிக் வாங்குவதற்குப் பதிலாக 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள். டிடிஆர்4-3200இல் ஒரு ஸ்டிக் தரும் வேகம் விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டை டூயல் சேனலில் போட்டால் 51.2. போட்ட பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 3200க்குப் பணம் கொடுத்த ராம் 2133லோ 2400லோ ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 32 ஜிபியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டிவிட்டதால் 500 ஜிபி சீக்கிரம் நிறைந்துவிடும், முடிந்தால் 1 டிபி. விநாடிக்கு 3500 எம்பி என்பதற்கும் 7000 எம்பி என்பதற்கும் கேம் திறக்கும் நேரத்தில் வித்தியாசம் அற்பம். அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்ஸில்தான் என் வாதத்தை நானே நிறுத்தி வைக்கிறேன். அது ஒரு பிரேமைக்கூடக் கூட்டாது. ஆனால் கெட்டுப்போனால் கார்டையும் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். கேபினெட்டோடு இலவசமாக வரும் '450 வாட்' பெட்டியின் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். இன்றைய கணினியில் பிராசஸரும் கார்டும் இழுப்பது 12 வோல்ட் லைனிலிருந்து. லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அது உண்மையில் தருவது 192 வாட். மேலே பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் கணக்கு இவ்வளவுதான். ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட், ரைசன் 5 5600க்கு 76 வாட் வரை, போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் சுமார் 50 வாட் என்று கூட்டினால் 260 வாட் வருகிறது. திடீரென ஏறும் தேவைக்கு மேலும் இடம் விட வேண்டும். 12 வோல்ட் லைனில் 35 ஆம்பியருக்கு மேல், அதாவது 420 வாட்டுக்கு மேல் தரும் 500 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதுமானது. 750 வாட் வேண்டாம். 80 பிளஸ் சான்று மின்சாரத்தை வீணாக்காத திறனை மட்டுமே அளக்கிறது, பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் இல்லை. ஓவர் கரன்ட், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் இருக்கின்றனவா என்றும் ஐந்தாண்டு வாரண்டி தருகிறார்களா என்றும் தனியாகப் பாருங்கள். தான் விற்கும் பொருளை ஐந்தாண்டு தாங்கும் என்று எழுதித் தருகிற நிறுவனம் உள்ளே மட்டமான கெபாசிட்டரை வைக்கத் தயங்கும். வீட்டுப் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுவதும் இந்தச் செலவோடு சேர்ந்ததே. யூபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். 600 விஏ என்று விற்கும் பலவற்றின் உண்மையான அளவு 360 வாட்தான். மேலே சொன்ன கணினிக்கும் மானிட்டருக்கும் அது போதும். கேமை சேவ் செய்து மூடுவதற்கான அவகாசம் அதில் கிடைக்கும்.

கேபினெட்டில் அழகைப் பிறகு பாருங்கள், முன்பக்கத்தை முதலில் பாருங்கள். முன்னால் முழுக் கண்ணாடி போட்டு உள்ளே நான்கு விளக்கு ஃபேன் வைத்திருப்பதைவிட, வலைபோன்ற முன்பக்கத்தோடு இரண்டு சாதாரண ஃபேன் உள்ள கேபினெட் மேல். வெளியே 38 டிகிரி இருக்கும் மே மாதத்து அறையில், கேபினெட்டுக்குள் நுழையும் காற்றே அந்தச் சூட்டில்தான் நுழைகிறது. அந்தக் காற்றும் சுற்றாவிட்டால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கொடுத்த பணத்துக்கான பிரேம் கோடை முழுக்கக் கிடைக்காது.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா? வாங்கலாம், அதே பணத்துக்கு ஒரு படி மேலான கார்டு கிடைக்கும். மைனிங்கில் ஓடிய கார்டு என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் தேய்வது ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும், இரண்டையும் மாற்றலாம். ஆனால் கண் முன்னே அரை மணி நேரமாவது கனமான ஒரு கேமில் ஓட்டிக் காட்டாத கார்டுக்குப் பணம் தராதீர்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் கோர் எண்ணிக்கையும் மெமரி வகையும் பெயரோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பழைய சிப்பை வேறு பெயரில் காட்டும்படி பயாஸை மாற்றி விற்கப்படும் கார்டுகள் உண்டு. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது என்பதால் அவற்றின் விலை எவ்வளவு இறங்கினாலும் ஆசைப்பட வேண்டாம்.

கடைசியாக, இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஒரு கேம் கன்சோல் வாங்கிவிடலாமே என்பவருக்கு: டிவியில், கன்ட்ரோலரில், கதைக் கேம் மட்டும் விளையாடுபவருக்கு அதுவே மலிவு, மறுப்பதற்கில்லை. படிப்பு, அலுவலகம், எடிட்டிங் எல்லாம் அதே பெட்டியில் நடக்க வேண்டிய வீட்டுக்குத்தான் கணினி. மொத்தப் பணம் இப்போது கையில் இல்லாதவருக்கும் வழி உண்டு. உள்ளே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி, இரண்டு ஸ்டிக் ராம், நல்ல எஸ்எம்பிஎஸ் மூன்றோடு இன்று தொடங்கி, ஜிடிஏ 5, வேலரன்ட் அளவுக்கு விளையாடிக்கொண்டே கார்டுக்குப் பணம் சேர்க்கலாம். 5600ஐவிட அதில் கேஷ் பாதி என்பது தெரிந்தே செய்யும் சமரசம். ஆனால் அந்த இடைவெளியை நிரப்ப ஜிடி 1030 போன்ற கார்டை நடுவில் வாங்கிவிடாதீர்கள். அந்தப் பணம் திரும்பி வராது.

கடைக்குப் போகும்போது கொட்டேஷனை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள்: முதல் வரியில் மானிட்டர், இரண்டாம் வரியில் கார்டு, மூன்றாவதில் எஸ்எம்பிஎஸ், மற்றவை கீழே. ஒவ்வொன்றுக்கும் முழு மாடல் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். '500 வாட் எஸ்எம்பிஎஸ்', '16 ஜிபி ராம்' என்று மட்டும் எழுதுவதை ஏற்காதீர்கள். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும், வாரண்டிக்குப் போய் நிற்கும்போது கேட்கப்படுவது அதுதான். மாடல் எண்ணை எழுதித் தர மறுக்கும் கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள். பக்கத்துக் கடைக்குப் போங்கள்.